கட்டியவர் துரோகம் செய்தால் போலீஸ் பிடிக்குமா?

வானொலியில் பேசுகிற எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மறுமுனையில் ஒருவர் அழுதால் உடனே ஏதாவது ஆறுதல் சொல்லிவிட வேண்டும். மூன்று விநாடி மௌனம் என்றாலே கை நடுங்கும். அந்த அவசரத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு. நேயர்கள் அழைத்துப் பேசும் நேரம். தலைப்பு ரொம்பச் சாதாரணம்: “உங்கள் வீட்டில் வரவு செலவுக் கணக்கை யார் பார்க்கிறீர்கள்?” ஒரு மாமா தன் மனைவி மாதம் ஐம்பது ரிங்கிட்தான் கைச்செலவுக்குத் தருவதாகச் சிரித்துக்கொண்டே புகார் சொன்னார். ஒரு தங்கை அம்மாவின் பழைய கணக்குப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். அடுத்து வந்தது ஓர் அக்கா. பெயர் சொல்லவில்லை. கிள்ளான் பக்கம் என்று மட்டும் சொன்னார்.

“எங்க வீட்ல கணக்கு நான்தான் பார்க்கிறேன்மா. அதனாலதான் கண்டுபிடிச்சேன்.”

என்ன கண்டுபிடித்தார்? லோரி ஓட்டும் கணவரின் பையில் ஒரு மின்கட்டண பில். பெயர் அவருடையது. முகவரி இவர்கள் வீட்டு முகவரி இல்லை. விசாரித்துப் பார்த்தால் அங்கே ஒரு பெண்ணும் ஒரு கைக்குழந்தையும் இருக்கிறார்கள். பதினாறு வருடக் குடும்பம், இரண்டு பிள்ளைகள். பெரியவன் இந்த வருடம் எஸ்.பி.எம். எழுதுகிறான்.

“நான் என்னம்மா செய்யட்டும்?” என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. நான் சொன்னேன்: “அக்கா, மனசை விடாதீங்க. முதல்ல போய் ஒரு போலீஸ் ரிப்போர்ட் போடுங்க. அதுக்கெல்லாம் சட்டம் இருக்கு.”

பிறகு ஒரு பாட்டு போட்டேன்.

நான்கு நாள் கழித்து எங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அதே அக்கா. கோபமே இல்லாத குரல். அதுதான் என்னை அதிகம் வருத்தியது. “நீங்க சொன்னீங்களேன்னு போனேன்மா. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ரிப்போர்ட் எழுதிக்கிட்டாங்க. அப்புறம் அந்த ஆபீசர், ‘காக்கா, இது கிரிமினல் கேஸ் இல்ல, லாயரைப் பாருங்க’ன்னு சொன்னாரு. அந்த ரிப்போர்ட்டை வீட்ல இவரு பார்த்துட்டாரு. சிரிக்கிறாரும்மா. ‘போ, போய் இன்னும் நாலு ரிப்போர்ட் போடு’ங்கிறாரு.”

சட்டம் இருக்கு என்று சொன்னேனே, எந்தச் சட்டம்? எனக்குத் தெரியாது. ஊடகத் துறையில் பட்டம் வாங்கி, பத்து வருடத்துக்கு மேல் மைக் முன்னால் உட்கார்ந்து, எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லியிருக்கிறேன்.

மறுநாளே என்னோடு படித்து, பிறகு சட்டம் படிக்கப் போய், இப்போது குடும்ப வழக்குகள் நடத்தும் தோழியை மாமாக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கதையைக் கேட்டவள் தே தாரிக்கைக் கீழே வைத்தாள்.

“கள்ள உறவு வச்சதுக்காக போலீஸ் பிடிச்சு உள்ள போடுற சட்டம் இந்த நாட்டுல நம்ம மாதிரி முஸ்லிம் அல்லாதவங்களுக்குக் கிடையாதுடி. இப்ப மட்டும் இல்ல, எப்பவுமே இருந்ததில்ல.”

“எப்பவுமேவா? 498-ன்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கேனே?”

“அது வேற. அதுவும் இப்ப செத்துப்போச்சு.”

செத்துப்போன 498

நம்மில் பலருக்கு இந்த எண் காதில் விழுந்திருக்கும். ஆனால் பாதிப் பேர் அதைத் தவறாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டுப் படங்களிலும் சீரியல்களிலும் மருமகள் போலீசுக்குப் போவாள், கணவன் வீட்டார் வேனில் ஏற்றப்படுவார்கள். அது இந்தியாவின் 498ஏ. கணவனும் அவன் குடும்பத்தாரும் மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான சட்டம். மலேசியக் குற்றவியல் சட்டத்தில் 498ஏ என்று ஒன்று இல்லை.

நம்மிடம் இருந்தது வெறும் 498. இன்னொருவர் மனைவி என்று தெரிந்தும், தகாத உறவு கொள்ளும் நோக்கத்தோடு ஒரு பெண்ணைக் கணவனிடமிருந்தோ, கணவன் சார்பில் அவளைப் பார்த்துக்கொள்பவரிடமிருந்தோ ஆசை காட்டி அழைத்துப் போனால், மறைத்து வைத்தால், அது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இதில் யார் புகார் கொடுக்க முடியும் என்று பாருங்கள். மனைவியைப் பறிகொடுத்த கணவன். யார் மீது? அவளை அழைத்துப் போன ஆள் மீது. கணவனைப் பறிகொடுத்த மனைவிக்கு இதில் ஒரு வரிகூட இல்லை. கிள்ளான் அக்கா பத்து வருடத்துக்கு முன்பு போயிருந்தாலும், அந்த அதிகாரி அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்.

இந்தச் சட்டம் வந்த வழியும் நமக்குச் சம்பந்தமுள்ளது. 1860இல் ஆங்கிலேயர் இந்தியாவில் கொண்டுவந்த குற்றவியல் சட்டத்தை அடிப்படையாக வைத்து, 1871இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு ஒரு சட்டம் எழுதினார்கள். இந்தியச் சட்டத்தில் 497 என்று ஒரு பிரிவு இருந்தது. மாற்றான் மனைவியோடு உறவு வைத்தவனுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. அந்த 497 மட்டும் இங்கே வரவில்லை. 498 வந்தது. அதனால்தான் நம் சட்டப் புத்தகத்தில் 496க்குப் பிறகு நேராக 498.

தோட்டக் காலத்தில் இந்த மாதிரி வழக்குகளுக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டிலிருந்து ரப்பர் தோட்டங்களுக்கு ஆண்களைத்தான் அதிகம் கொண்டுவந்தார்கள். பெண்கள் குறைவு. ‘என் சம்சாரத்தை இன்னொருத்தன் கூட்டிக்கிட்டுப் போயிட்டான்’ என்ற புகார்கள் தோட்டத்துரை வரைக்கும், நீதிமன்றம் வரைக்கும் போயின. அருணிமா தத்தா என்ற ஆய்வாளர் மலாயாத் தோட்டப் பெண்களைப் பற்றி எழுதிய நூலில் இவற்றை விரிவாகப் பார்க்கிறார். கட்டியவன் அடித்தானா, சோறு போட்டானா, அவளாகவே விரும்பிப் போனாளா என்பதெல்லாம் சட்டத்துக்கு இரண்டாம் பட்சம். காணாமல்போன மாட்டைத் தேடுவதுபோல் அவளைத் தேடினார்கள்.

2001இல் நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது விதியில் ஒரு சொல் சேர்ந்தது: பாலினம். ஆண், பெண் என்ற காரணத்துக்காகச் சட்டம் பாகுபாடு காட்டக் கூடாது. 2023 டிசம்பர் 15ஆம் தேதி, தலைமை நீதிபதி துன் தெங்கு மைமுன் தலைமையில் கூட்டரசு நீதிமன்றம் இந்த விதியின்படி 498 செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. கணவனுக்கு மட்டும் உரிமை தருகிற சட்டம், மனைவியைக் கணவனின் உடைமையாகப் பார்த்த காலத்தின் மிச்சம். மனைவிக்கும் அந்த உரிமையைச் சேர்த்து எழுதிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். புதிதாகக் குற்றம் உண்டாக்குவது நீதிமன்றத்தின் வேலை இல்லை. அது நாடாளுமன்றத்தின் வேலை.

இந்தியாவில் 2018 செப்டம்பர் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 497ஐ ரத்து செய்தது. அங்கே 497 போய்விட்டது. பழைய 498இன் வாசகம் புதிய சட்டத்தில் இன்னும் இருக்கிறது. இங்கே 497 வரவே இல்லை, 498 போய்விட்டது. ஒரே தாய் வயிற்றுச் சட்டங்கள் என்றாலும் இரண்டும் இரண்டு வழியில் போயிருக்கின்றன. தமிழ்நாட்டு யூடியூப் வழக்கறிஞர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே காவல் நிலையத்துக்குப் போகாதீர்கள்.

நம் முஸ்லிம் குடும்பங்களுக்கு

இந்தப் பத்தியைப் படிக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு நிலைமை வேறு. இஸ்லாமிய சமயக் குற்றங்களுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். கோலாலம்பூர் போன்ற கூட்டரசுப் பிரதேசங்களுக்கு நாடாளுமன்றம் 1997இல் இயற்றிய சட்டம். திருமணத்துக்கு வெளியே உறவு கொள்வது இவற்றின்படி குற்றம். வழக்கு ஷரியா நீதிமன்றத்தில் நடக்கும். கணவன் மனைவியாக இல்லாத ஆணும் பெண்ணும் சந்தேகப்படும்படி தனித்திருக்கும் கல்வத்தும் குற்றம். 1965ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் ஒன்று பொதுவான உச்ச வரம்பு வைத்திருக்கிறது: மூன்று ஆண்டுச் சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், ஆறு பிரம்படி.

இந்த நீதிமன்றத்தின் அதிகாரம் முஸ்லிம்களுக்கு மட்டும்தான். ஆக, கள்ள உறவு மாநிலச் சட்டப்படி குற்றமா என்று ஒருவர் கேட்டால், மலேசியாவில் பதில் அவருடைய சமயத்தைப் பொறுத்தது.

அப்படியென்றால் எது குற்றம்?

“அப்ப அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே போயிடுவானா?” என்று தோழியிடம் கேட்டேன்.

“அவன் அந்தப் பொண்ணுக்குத் தாலி கட்டினானான்னு முதல்ல கேளு.”

இதுதான் நம்மில் பலர் கவனிக்காத இடம். 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, முஸ்லிம் அல்லாத ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு துணைதான். அதற்கு முன்பு நம் ஆட்கள் ‘சின்ன வீடு’ வைத்துக்கொண்டு அதையும் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டதெல்லாம் அந்தத் தேதியோடு முடிந்தது. முதல் திருமணம் உயிரோடு இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்தால், இரண்டாவது செல்லாது. அதோடு குற்றவியல் சட்டத்தின் 494ஆவது பிரிவுப்படி அது குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை. “பதிவு செய்யலையே, கோயில்ல மாலை மட்டும்தான் மாத்தினோம்” என்று தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. சமயம், வழக்கம் எதன்படி செய்தாலும் கூடாது என்றுதான் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அந்த இரண்டாவது பெண்ணும் பாவம்தான். அவர் உயில் எழுதாமல் இறந்துபோனால் அவளுக்குச் சொத்தில் பங்கு கிடையாது என்று அதே சட்டம் சொல்கிறது. நம்பி வந்தவளிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடி உதை இருந்தாலும் போலீஸ் வேலைதான். கேள்வி கேட்ட மனைவியை அடித்தால், மிரட்டினால், 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் சமூகநலத் துறை அதிகாரியிடம் அவசரப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். ஏழு நாள் அது செல்லும். அதற்குள் அடுத்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். நடு இரவில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் தாலியான் காசே 15999.

இப்போது ஒரு கசப்பான விஷயம். துரோகம் செய்தவர் குற்றவாளி ஆகமாட்டார். ஆனால் துரோகம் செய்யப்பட்டவர் கோபத்தில் செய்யும் காரியங்களால் குற்றவாளி ஆகலாம். அவர் கைப்பேசியில் ரகசியமாக உளவுச் செயலி போடுவது, கடவுச்சொல்லை உடைத்து உள்ளே போவது, அந்தப் பெண்ணின் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு நாலு வார்த்தை எழுதுவது, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவை உடைப்பது, முடியைப் பிடித்து இழுப்பதை வீடியோ எடுத்து டிக்டாக்கில் விடுவது. இப்படிப்பட்ட வீடியோக்களை நாமும் பார்த்திருக்கிறோம். சிலர் இதயம் போட்டுப் பகிர்ந்தும் இருக்கிறோம். கணினிக் குற்றச் சட்டம், தொடர்பு பல்லூடகச் சட்டம், அவதூறு, காயம் ஏற்படுத்துதல் என்று வழக்கு வந்தால், நிற்கப்போவது அந்த மனைவிதான்.

தோழி சொன்னாள்: “என்கிட்ட வர்ற கேஸ்ல பாதி, வீடியோ போட்டதுக்கு அப்புறம்தான் வருது. அதுக்கு முன்னாடி வந்திருந்தா வேலை சுலபம்.”

சிவில் கதவு திறந்திருக்கிறது

இந்த விஷயத்தில் நமக்கான இடம் குடும்ப வழக்குகள் நடக்கும் உயர் நீதிமன்றம். அங்கே கள்ள உறவுக்கு மதிப்பு உண்டு.

திருமணம் மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்று காட்டினால் விவாகரத்து கிடைக்கும். அதைக் காட்டச் சட்டம் தரும் நான்கு காரணங்களில் முதலாவதே இதுதான்: துணை வேறொருவரோடு உறவு கொண்டார், அதனால் அவரோடு வாழ்வது தாங்க முடியாதது. மற்ற மூன்று, சேர்ந்து வாழ முடியாத நடத்தை, இரண்டு ஆண்டு கைவிட்டுப் போனது, இரண்டு ஆண்டு பிரிந்து வாழ்ந்தது. கள்ள உறவை நிரூபிப்பது சுலபம் இல்லை என்பதால், பல வழக்கறிஞர்கள் ‘நடத்தை’ என்ற காரணத்தையும் சேர்த்தே எழுதுவார்கள்.

மனுவில் அந்த மூன்றாவது ஆளையும் சேர்த்து, அவரிடம் நஷ்டஈடும் கேட்கலாம். இது கணவன், மனைவி இருவருக்கும் பொது. ஆனால் பழி தீர்க்கும் தொகையாகவோ தண்டனைத் தொகையாகவோ நீதிமன்றம் தராது. அதை நம்பி வீடு வாங்கக் கணக்குப் போட வேண்டாம்.

ஜீவனாம்சத்தை முடிவு செய்யும்போது இருவரின் வசதியையும் தேவையையும் பார்க்கும் நீதிமன்றம், திருமணம் முறிந்ததில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதையும் கருத்தில் கொள்ளும். சேர்த்த சொத்தைப் பிரிக்கும்போது, சம்பாதித்தவர் பங்கோடு வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர் பங்கையும் கணக்கில் எடுக்கும். “நான் சம்பாதிக்கலையே, எனக்கு என்ன கேட்க உரிமை?” என்று தயங்கும் அக்காமார்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும் என்பதில் பிள்ளையின் நலன்தான் முதல். துரோகம் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காகத் தகப்பனோ தாயோ பிள்ளையை இழந்துவிட மாட்டார்.

விவாகரத்து வேண்டாம், ஆனால் வீட்டுச் செலவுக்குக் காசு வருவது நின்றுவிட்டது என்றால்? 1950ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. கணவர் பராமரிக்கத் தவறினால், மனைவியும் பிள்ளைகளும் விவாகரத்து கேட்காமலேயே நீதிமன்றத்தில் பராமரிப்புத் தொகை கேட்கலாம். என் வயதுத் தோழிகளில் ஒருத்திக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை.

இருவரும் ஒத்துக்கொண்டால் கூட்டு மனு போடலாம். ஒருவர் மட்டும் கேட்டால், பொதுவாக முதலில் தேசியப் பதிவுத் துறையின் திருமண சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். அவர்கள் இருவரையும் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார்கள். முடியவில்லை என்றால் சான்றிதழ் தருவார்கள். அதன் பிறகுதான் நீதிமன்றம். இதற்கு ஆறு மாதம் வரை பிடிக்கும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காசு இல்லை என்றால் சட்ட உதவித் துறைக்கோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ போகலாம்.

போவதற்கு முன் என்ன எடுத்து வைக்க வேண்டும்? திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வீட்டுக் கடன் தாள்கள், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வீட்டுக்கு யார் எவ்வளவு செலவழித்தீர்கள் என்ற கணக்கு. கோயிலில் தாலி கட்டி, பதிவை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இதைப் படிக்கும் புதுமணத் தம்பதிகளே, ஹனிமூன் படங்களைப் பதிவேற்றுவதற்கு முன்னால் அந்தப் பதிவை முடித்துவிடுங்கள்.

பெரியம்மா கேட்ட கேள்வி

இதையெல்லாம் கேட்ட பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்ந்த என் பெரியம்மா நினைவுக்கு வந்தார். பெரியப்பா பட்டணத்தில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தார். எல்லாருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டோம். வளர்ந்த பிறகு ஒரு தீபாவளிக்கு நான் துடுக்காகக் கேட்டேன்: “ஏன் பெரியம்மா, அவரை ஜெயில்ல போட்டிருக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?”

முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: “அவரு உள்ள போயிட்டா, பிள்ளைங்களுக்கு யாரு ஃபீஸ் கட்டுவா?”

அன்று எனக்கு அது அடிமைத்தனமாகத் தெரிந்தது. இன்று வேறு மாதிரி கேட்கிறது. பெரியம்மாவுக்கு வேண்டியிருந்தது அவருடைய சிறைவாசம் இல்லை. பள்ளிக் கட்டணம், கூரை, ஊரில் தலை நிமிர்ந்து நடப்பது. முதல் இரண்டையும் கேட்க அன்றே ஒரு சட்டம் இருந்திருக்கிறது. அதை அவரிடம் சொல்ல யாரும் இல்லை. மூன்றாவதை எந்த நீதிமன்றமும் தராது. அது நாம், சொந்தபந்தங்கள், அக்கம்பக்கத்தார் தர வேண்டியது. கல்யாண வீட்டில் துரோகம் செய்தவருக்கு முன்வரிசை நாற்காலி போட்டுவிட்டு, அழுதுகொண்டு நிற்கும் மனைவியிடம் “நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்” என்று சொல்கிறோமே, அதை முதலில் நிறுத்தினாலே போதும்.

அடுத்த வியாழக்கிழமை, அதே நேரம், மைக்கில் என் தவற்றைச் சொன்னேன். “போன முறை நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க” என்று தொடங்கி, மேலே எழுதியதைச் சுருக்கமாகச் சொன்னேன். நிறையப் பேர் அழைத்தார்கள். ஓர் அண்ணன் மட்டும் கோபமாக வந்தார். அவர் மனைவி இரண்டு வருடத்துக்கு முன்பு வேறொருவரோடு போய்விட்டாராம்.

“ஆம்பளைக்குன்னு இருந்த ஒரே சட்டத்தையும் எடுத்துட்டாங்க, உங்களுக்கு அது நல்லதாத் தெரியுதா?” என்று கேட்டார்.

இந்த முறை நான் அவசரப்படவில்லை. மூன்று விநாடியைத் தாண்டியும் பேசாமல் இருந்தேன். பிறகு கேட்டேன்: “அண்ணா, அவனை உள்ள போட்டிருந்தா அண்ணி திரும்பி வந்திருப்பாங்களா?”

“வந்திருக்க மாட்டா” என்றார். சற்று நேரம் கழித்து, “பிள்ளை என்கிட்டதான் இருக்கான்” என்றார். விவாகரத்து மனு, நஷ்டஈடு, பிள்ளையின் பராமரிப்பு எல்லாம் அவருக்கும் உண்டு என்று சொல்லி, சட்ட உதவி மையத்தைப் பற்றிய விவரத்தை அனுப்பி வைத்தேன்.

கிள்ளான் அக்காவிடம் தனியாகப் பேசினேன். தோழியின் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். பதினாறு வருடத்து வீட்டுக் கணக்கு, ரசீது, பள்ளிக் கட்டணச் சீட்டு எல்லாம் மாத வாரியாக ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருந்தார். நடுவே அவர்களுடைய திருமணச் சான்றிதழ், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக. தோழி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அக்கா, பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்க.”

விவாகரத்தா, பராமரிப்புத் தொகை மட்டும் போதுமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. பெரியவன் எஸ்.பி.எம். எழுதி முடிக்கட்டும் என்கிறார். முடிவு அவருடையது. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது மட்டும் ஒன்று கேட்டார்: “அந்தப் பொண்ணுக்கு அவரு தாலி கட்டியிருக்காரான்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கிறது?”

தோழி பேனாவை எடுத்தாள்.